நின்றால் என்ன நஷ்டம்?

"வயசு முப்பத்தஞ்சுதானுங். அதுக்குள்ள நின்னு போச்சு. நல்லதுதானுங்களே? ரெண்டு புள்ளையும் பெத்தாச்சு, ஆபரேசனும் பண்ணியாச்சு. மாசாமாசம் அந்தத் தொந்தரவு இனி எதுக்குங்?"

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போது இந்தக் கேள்வி சாதாரணமாக வந்து விழும். கேட்பவரின் நியாயம் நமக்கும் புரிகிறது. இங்கே பல பெண்களுக்கு இருபதுகளின் நடுவிலேயே பிள்ளைப்பேறு முடிந்துவிடுகிறது. 2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்டவர்கள். மாதவிலக்கு பிள்ளை பெறத்தான் என்றால், பெற்று முடித்தவருக்கு அது நின்றுபோனதில் என்ன நஷ்டம்?

இன்னொரு புதிரும் இதனுடன் ஒட்டிக்கொண்டே வரும். அம்மாவுக்கு ஐம்பது வரை ஒழுங்காக வந்தது. அம்மிச்சிக்கும் அப்படித்தான். மகளுக்கு மட்டும் ஏன் முப்பத்து நான்கில் நிற்க வேண்டும்?

இரண்டாவது புதிரை முதலில் எடுத்துக்கொள்வோம். அதற்கு விடை தெரிந்தால் முதல் கேள்விக்கும் வழி திறக்கும்.

முட்டைக்கூட்டின் இரண்டு வேலை

கருப்பையின் இருபுறமும் இரண்டு சினைப்பைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய அறைகள் லட்சக்கணக்கில் உண்டு. ஓர் அறைக்குள் ஒரு கருமுட்டை. அதைச் சுற்றிச் சில உயிரணுக்கள். ஸ்கேன் பார்க்கும் மருத்துவர் ஃபாலிக்கிள் என்று சொல்வது இதைத்தான். நாம் இதை முட்டைக்கூடு என்று அழைப்போம்.

முட்டைக்கூடு இரண்டு வேலை செய்கிறது. முதல் வேலை எல்லோருக்கும் தெரிந்தது: உள்ளே இருக்கும் முட்டையை வளர்த்து, முதிர்ந்ததும் வெளியே விடுவது. இரண்டாவது வேலை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. வளரும் முட்டைக்கூட்டின் சுவரில் உள்ள உயிரணுக்கள் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. அது இரத்தத்தில் கலந்து கருப்பைக்குப் போகிறது. அங்கே உட்சுவர் தடிக்கிறது. கரு தங்காத மாதத்தில் அந்தச் சுவர் உதிர்ந்து மாதவிலக்காக வெளிவருகிறது.

ஈஸ்ட்ரோஜன் கருப்பையோடு நின்றுவிடுவதில்லை. எலும்பு, இரத்தக் குழாயின் உட்சுவர், மூளை, தோல், சிறுநீர்ப் பாதை என உடலின் பல பகுதிகளில் அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன. கரு உண்டாகிறதா இல்லையா என்பதைப் பற்றி எலும்புக்குக் கவலை இல்லை. ஈஸ்ட்ரோஜன் வருகிறதா என்பது மட்டுமே அதற்கு முக்கியம்.

குடும்பக் கட்டுப்பாட்டு அறுவையில் வெட்டிக் கட்டப்படுவது முட்டை போகும் குழாய் மட்டுமே. சினைப்பையை அது தொடுவதில்லை. "ஆபரேசன் பண்ணுனதாலதான் நின்னு போச்சு" என்று சொல்வோர் உண்டு. ஆபரேசன் அதற்குக் காரணம் ஆகாது.

மாதம் ஆயிரம்

ஒரு பெண் தன் வாழ்நாளுக்கான முட்டைக்கூடுகள் முழுவதையும் பிறக்கும் முன்பே பெற்றுவிடுகிறாள். தாயின் வயிற்றில் ஐந்தாவது மாதத்தில் பெண் சிசுவின் சினைப்பைகளில் சுமார் 70 லட்சம் முட்டை அணுக்கள் இருக்கின்றன. 1963இல் டி. ஜி. பேக்கர் என்ற ஆய்வாளர் திசுக்களை நுண்ணோக்கியில் வைத்து எண்ணிச் சொன்ன கணக்கு இது. பிறக்கும்போது அது 10 முதல் 20 லட்சமாகக் குறைந்துவிடுகிறது. வயதுக்கு வரும்போது எஞ்சுவது மூன்று, நான்கு லட்சம். மாதவிலக்கு முழுதாக நிற்கும் காலத்தில் ஆயிரம் அளவுக்குத்தான் மிச்சம்.

வெளிவரும் முட்டை மாதத்துக்கு ஒன்று. வாழ்நாள் முழுக்கச் சேர்த்தாலும் நானூறைச் சுற்றித்தான் வரும். அப்படியானால் நான்கு லட்சமும் எங்கே போகிறது?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பெண் 13 வயதில் பூப்படைகிறாள். அப்போது அவளிடம் நான்கு லட்சம் முட்டைக்கூடுகள். இந்தியப் பெண்களுக்கு மாதவிலக்கு நிற்கும் சராசரி வயது 46, 47. ஆக இடையில் 34 ஆண்டுகள், அதாவது 408 மாதங்கள். நான்கு லட்சத்தை 408ஆல் வகுத்தால் மாதத்துக்கு ஆயிரம் அளவில் வருகிறது. ஒவ்வொரு மாதமும் ஏறத்தாழ ஆயிரம் முட்டைக்கூடுகள் இருப்பிலிருந்து கழிகின்றன. அவற்றில் ஒன்றுதான் முட்டையை வெளியே விடுகிறது. மற்றவை வளரத் தொடங்கி வெவ்வேறு கட்டங்களில் தாமாகவே மடிந்துவிடுகின்றன. கர்ப்ப காலத்திலும், கருத்தடை மாத்திரை சாப்பிடும் காலத்திலும்கூட இந்தக் கழிவு நிற்பதில்லை.

இப்போது எண்ணைக் கொஞ்சம் மாற்றுவோம். இன்னொரு பெண்ணுக்கும் 13 வயதுதான், ஆனால் அவளிடம் இருப்பது இரண்டரை லட்சம். மாதம் ஆயிரம் என்றால் 250 மாதத்தில், அதாவது 21 ஆண்டுக்குள், தீர்ந்துவிடும். 13உடன் 21ஐக் கூட்டினால் 34.

மூன்றாவது பெண்ணிடம் முழுதாக நான்கு லட்சம் இருந்தது. ஆனால் அவளுக்கு மாதம் ஆயிரத்து அறுநூறு கழிகிறது. அங்கேயும் 250 மாதம்தான். அதே 34 வயது.

உண்மையில் கழிவு இப்படிச் சீராக நடப்பதில்லை. இருப்பு அதிகமாக உள்ளபோது வேகமாகவும், குறைந்தபின் மெதுவாகவும் போகும். என்றாலும் நம் எளிய கணக்கு அடிப்படையைக் காட்டிவிடுகிறது. சினைப்பை சீக்கிரம் ஓய்வதற்கு முக்கிய வழிகள் இரண்டு: ஆரம்ப இருப்பே குறைவு, அல்லது செலவு அதிகம். அரிதாக மூன்றாவது வழியும் உண்டு. இருப்பு இருக்கும், ஆனால் மூளை அனுப்பும் கட்டளையை முட்டைக்கூடு கேட்காது.

நாற்பது வயதுக்கு முன் இப்படி நேர்ந்தால் மருத்துவர்கள் அதை முன்கூட்டிய சினைப்பைச் செயலிழப்பு என்கிறார்கள். பரிசோதனைச் சீட்டில் பி.ஓ.ஐ. அல்லது பி.ஓ.எஃப். என்று எழுதியிருக்கும். நூறு பெண்களில் ஒருவருக்கு வரும் என்றே பாடப்புத்தகங்கள் நெடுங்காலம் சொல்லிவந்தன. ஐரோப்பிய, அமெரிக்க மருத்துவ அமைப்புகளும் பன்னாட்டு மெனோபாஸ் சங்கமும் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களும் சேர்ந்து 2024இல் தந்த வழிகாட்டி அந்த அளவை 3.5 சதவீதமாக உயர்த்தியிருக்கிறது.

மீட்டர் ஏறுகிறது, தொட்டி நிறையவில்லை

சினைப்பை ஓய்ந்துவிட்டதை வெளியிலிருந்து எப்படிக் கண்டுபிடிப்பது? கிணற்றுப் பாசனம் தெரிந்த கொங்கு விவசாயிக்கு இதை விளக்குவது எளிது. ஊற்று நன்றாக இருக்கும்போது மோட்டாரை ஒரு மணி நேரம் ஓட்டினால் தொட்டி நிரம்பும். ஊற்று குறையக் குறைய அதே தொட்டிக்கு மூன்று மணி நேரம், நான்கு மணி நேரம் ஓட்ட வேண்டும். கடைசியில் மோட்டார் நாள் முழுக்க ஓடும், மீட்டர் ஏறும், தண்ணீர் மட்டும் வராது.

மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பிதான் இங்கே மோட்டார். அது எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோனை அனுப்பி முட்டைக்கூடுகளை வளரச் சொல்கிறது. அவை வளர்ந்து ஈஸ்ட்ரோஜன் சுரந்தால் பிட்யூட்டரி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஈஸ்ட்ரோஜன் வராவிட்டால் மேலும் மேலும் எஃப்.எஸ்.எச். அனுப்பும். ஆகவே இரத்தத்தில் எஃப்.எஸ்.எச். கூடியிருந்தால் சினைப்பை ஓய்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

மாதவிலக்கு நிற்க வேறு காரணங்களும் இருக்கின்றன. தைராய்டு கோளாறு, புரோலாக்டின் மிகுதி, நீர்க்கட்டி, கடுமையான எடைக் குறைவு, கருப்பையைத் தாக்கும் காசநோய் எனப் பட்டியல் நீளும். இவற்றில் எதிலும் எஃப்.எஸ்.எச். இந்த அளவுக்கு ஏறாது. சில நூறு ரூபாயில் முடியும் ஓர் இரத்தப் பரிசோதனை இத்தனை காரணங்களிலிருந்து இந்த ஒன்றைப் பிரித்துக் காட்டிவிடுகிறது.

பல்லடத்துப் பெண்ணின் ரிப்போர்ட்

ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்வோம். ஊர் பல்லடம். வயது 34. கணவருக்கு விசைத்தறி, இவர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார். 22இல் முதல் பிள்ளை, 24இல் இரண்டாவது, கையோடு அறுவையும் ஆயிற்று. ஆள் கற்பனை, இனி வரும் எண்கள் இந்த நோயில் வழக்கமாகக் காணப்படுபவை.

ஓராண்டாகவே தேதி முன்பின்னாக இருந்தது. ஒருமுறை 22 நாளில் வந்தது, அடுத்தது 45 நாள் கழித்து. பிறகு நான்கு மாதமாக வரவே இல்லை. அவர் மருத்துவரிடம் போனது அதற்காக அல்ல. ராத்திரியில் குப்பென்று வேர்த்து உடம்பு நனைந்து விழிப்புத் தட்டுகிறது. பிறகு தூக்கம் வருவதில்லை. முதலில் தறிக்கூடத்து வெக்கை என்றே நினைத்தார். மார்கழியிலும் வேர்த்தபோதுதான் சந்தேகம் வந்தது. வேலையில் கவனம் நிற்பதில்லை. காரணமே இல்லாமல் பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறார். கணவரோடு சேரும்போது வலி. இதை மட்டும் மருத்துவர் தாமாகக் கேட்கும் வரை அவர் சொல்லவில்லை.

மருத்துவர் முதலில் கர்ப்பப் பரிசோதனை எடுத்தார். அறுவை செய்திருந்தாலும் அதை விடக் கூடாது. கர்ப்பம் இல்லை. தைராய்டும் புரோலாக்டினும் சரியாக இருந்தன. எஃப்.எஸ்.எச். 68. மாதவிலக்கு ஒழுங்காக வரும் பெண்ணுக்கு, சுழற்சியின் தொடக்க நாட்களில் அது பத்துக்குள் இருக்கும்; 25ஐத் தாண்டினாலே இந்த நோயை நினைக்க வேண்டும். ஆறு வாரம் கழித்து மறுபடி பார்த்தபோது 74. ஈஸ்ட்ரோஜன் மிகக் குறைவு. முட்டைக்கூடுகளின் இருப்பை உணர்த்தும் ஏ.எம்.எச். என்ற இன்னொரு ஹார்மோனோ கருவியால் அளக்க முடியாத அளவுக்குக் கீழே. ஸ்கேனில் இரண்டு சினைப்பைகளும் சுருங்கித் தெரிந்தன.

"மாத்திரை கொடுத்தா வந்துருமுங்களா?" என்று அவர் கேட்கிறார். ஹார்மோன் மாத்திரையால் மாதப்போக்கு வரவைக்கலாம், தீர்ந்துபோன முட்டைக்கூடுகளை மீட்க முடியாது என்கிறார் மருத்துவர். "அப்ப எதுக்குங் மாத்திரை? இப்படியே விட்டுரலாமுங்களே?" என்று அடுத்த கேள்வி வருகிறது. மருத்துவர் பதிலுக்கு ஒரு சீட்டு எழுதித் தருகிறார், இடுப்புக்கும் முதுகெலும்புக்குமான டெக்ஸா ஸ்கேனுக்கு. எலும்பு எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்று குறைந்த அளவு எக்ஸ் கதிரால் அளக்கும் கருவி அது.

மாதவிலக்கு நின்றதற்கு எலும்பை ஏன் படம் எடுக்க வேண்டும்? 80 ஆண்டுகளுக்கும் முன்னால் பாஸ்டன் நகரில் ஒரு மருத்துவர் கவனித்த ஒரு விஷயத்தில் இதற்கு விடை இருக்கிறது.

ஆல்பிரைட் எண்ணிய நாற்பத்திரண்டு பேர்

ஃபுல்லர் ஆல்பிரைட் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் வேலை பார்த்தவர். எலும்பு மெலிந்து முதுகெலும்பு நொறுங்கி அவரிடம் வந்த 65 வயதுக்குட்பட்ட நோயாளிகள் 42 பேர். அவர்களில் 40 பேர் மாதவிலக்கு நின்ற பெண்கள். 1941இல் அவர் இதை எழுதினார்: எலும்பு மெலிவதற்கும் சினைப்பை ஓய்வதற்கும் தொடர்பு இருக்கிறது. மறு ஆண்டே, இளம் வயதில் சினைப்பை ஓய்ந்த பெண்களைப் பற்றியும் அவரது குழு எழுதியது. அவர்களின் சிறுநீரில் எஃப்.எஸ்.எச். கூடியிருப்பதைக் கொண்டு கோளாறு சினைப்பையில்தான், பிட்யூட்டரியில் அல்ல என்று பிரித்தறிந்தது. இரண்டு நோய்களும் ஒரே மருத்துவரின் கண்ணில் அடுத்தடுத்துப் பட்டது தற்செயல் அல்ல. இரண்டிலும் குறைந்தது ஒரே பொருள்.

எலும்பு உயிருள்ள திசு. ஒருவகை உயிரணுக்கள் பழைய எலும்பை அரித்து எடுக்க, இன்னொரு வகை புதிய எலும்பை இட்டு நிரப்புகின்றன. அரிப்பவற்றை ஈஸ்ட்ரோஜன் அடக்கி வைக்கிறது. அது குறைந்தால் அரிப்பு முந்திவிடும், நிரப்புவது பின்தங்கும். ஈஸ்ட்ரோஜன் நின்ற முதல் சில ஆண்டுகளில் முதுகெலும்பு ஆண்டுக்கு சுமார் 2 சதவீதம் இழக்கிறது. ஐந்து ஆண்டில் பத்தில் ஒரு பங்கு.

ஐம்பதை ஒட்டி மாதவிலக்கு நிற்கும் எல்லாப் பெண்களுக்கும் இது நடக்கிறது. பல்லடத்துப் பெண்ணுக்கு அது 34இலேயே தொடங்கிவிட்டது. அவருடைய அம்மாவின் எலும்பு ஐம்பது வயதில் இருந்த நிலைக்கு இவருடையது நாற்பதுக்கு முன்பே போய்விடும். வலி எதுவும் இருக்காது. ஐம்பதைத் தாண்டிய ஒரு நாள் குளியலறையில் வழுக்கி விழும்போது மணிக்கட்டோ இடுப்போ முறியும். எல்லோரும் ஈரத் தரையைத்தான் குறை சொல்வார்கள்.

எலும்போடு இது முடிவதில்லை. ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் இரத்தத்தில் கெட்ட கொழுப்பு கூடுகிறது, இரத்தக் குழாய்கள் விறைக்கின்றன. இளம் வயதில் சினைப்பை ஓய்ந்து சிகிச்சை பெறாதவர்களுக்கு மாரடைப்பு அபாயம் அதிகம் என்பதையும் ஆயுள் குறைகிறது என்பதையும் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தூக்கமின்மை, மனச்சோர்வு, மறதி, சிறுநீர்ப் பாதைத் தொற்று, உறவின்போது வலி ஆகியவை கூடவே வருகின்றன. இவற்றைத் தனித்தனியாகப் பார்த்தால் எலும்புக்கு ஒரு மருத்துவர், நெஞ்சுக்கு ஒருவர், தூக்கத்துக்கு ஒருவர் என்று அலைய நேரும். மூலம் ஒன்றுதான் என்பதைக் காட்டும் அடையாளமோ, நல்லவேளை நின்றது என்று நினைத்த அந்த மாதவிலக்கு.

யாருக்கு, ஏன்?

பெரும்பாலான பெண்களுக்குக் காரணம் பிடிபடுவதில்லை. பிடிபடுபவற்றில் முதலில் வருவது எக்ஸ் குரோமோசோம். ஒவ்வொரு பெண்ணுக்கும் இரண்டு எக்ஸ் வேண்டும். ஒன்று முழுதாகவோ பகுதியாகவோ இல்லாமல் பிறந்தால் அது டர்னர் நோய். ஏறத்தாழ 2,500 பெண் குழந்தைகளில் ஒன்றுக்கு வருகிறது. அவர்களில் பலருக்குப் பூப்படைவதற்கு முன்பே முட்டைக்கூடுகள் தீர்ந்துவிடும்.

எக்ஸ் குரோமோசோமில் எஃப்.எம்.ஆர்.1 என்ற மரபணுவும் இருக்கிறது. அதில் ஒரு சிறு துண்டு வழக்கத்தைவிட அதிக முறை திரும்பத் திரும்ப வந்தால், அப்படிப்பட்ட பெண்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்குச் சினைப்பை சீக்கிரம் ஓய்கிறது. அடுத்த தலைமுறையில் அந்தத் துண்டு மேலும் நீண்டால் பிள்ளைக்கு அறிவு வளர்ச்சிக் குறைபாடு வரலாம். பல்லடத்துப் பெண்ணுக்குக் குரோமோசோம், மரபணுப் பரிசோதனைகளைப் பரிந்துரைப்பது அவருக்காக மட்டுமில்லை, அவர் பிள்ளைகளுக்காகவும்தான்.

உறவுக்குள் மணம் முடிப்பது இந்த மண்ணில் இன்னும் இருக்கிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஒரே பழுதான மரபணு வந்தால் மட்டும் தலைகாட்டும் நோய்களுக்கு அங்கே வாய்ப்பு கூடுகிறது. சினைப்பை ஓய்வதிலும் அப்படிச் சில மரபணுக்கள் உண்டு. பின்லாந்தில் சில வட்டாரங்களின் குடும்பங்களில் எஃப்.எஸ்.எச். கட்டளையை வாங்கும் ஏற்பியே பழுதாகியிருப்பதை 1995இல் கண்டுபிடித்தார்கள். முன்பு சொன்ன மூன்றாவது வழி இதுதான். 2014இல் மத்திய கிழக்கில், உறவுக்குள் மணந்த ஒரு குடும்பத்தின் சகோதரிகளிடம் ஸ்டாக்3 என்ற மரபணுவின் பழுது தெரியவந்தது. அத்தை மகன், மாமன் மகன் திருமணம் எல்லாமே இப்படி முடியும் என்று இதற்குப் பொருள் இல்லை. ஆனால் அக்கா தங்கை இருவருக்கும் சீக்கிரம் நின்றிருந்தால், பெற்றோர் உறவுக்காரர்களா என்று மருத்துவர் கேட்பதில் காரணம் இருக்கிறது.

உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றல் தன் சினைப்பையையே தாக்குவது இன்னொரு காரணம். இத்தகைய பெண்களிடம் தைராய்டு, அட்ரீனல் சுரப்பிகளும் தாக்கப்பட்டிருக்கலாம் என்பதால் அவற்றையும் பார்க்க வேண்டும். புற்றுநோய்க்கான சில கீமோ மருந்துகளும் இடுப்புப் பகுதிக் கதிர்வீச்சும் முட்டைக்கூடுகளை நேரடியாக அழிக்கும். புற்றுநோய்ச் சிகிச்சைக்காகச் சுற்று மாவட்டத்தவர் பலரும் கோவைக்குத்தான் வருகிறார்கள். மணமாகாத பெண்ணுக்குக் கீமோ தொடங்கும் முன் முட்டையையோ சினைப்பைத் திசுவையோ உறைய வைக்க முடியுமா என்று குடும்பத்தார் கேட்க வேண்டும். அப்படி உறைய வைத்த திசுவைத் திரும்பப் பொருத்தியதில் பெல்ஜியத்தில் ஒரு பெண்ணுக்கு 2004இல் குழந்தை பிறந்தது. கீமோ தொடங்கியபின் கேட்டால் பலன் குறைவு.

கருப்பையை எடுத்துவிட்டால்

நம் ஊரில் மாதவிலக்கு சீக்கிரம் நிற்பதற்கு இன்னொரு வழி அறுவை அரங்கம். அதிகப் போக்கு, கட்டி, வெள்ளைப்படுதல் என்று போனவரிடம், "புள்ள பெத்தாச்சல்ல, எடுத்துரலாம்" என்று கருப்பையை எடுக்கச் சொல்வது நடக்கிறது. தேசியக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயது இந்தியப் பெண்களில் நூற்றுக்கு மூவர் கருப்பை எடுக்கப்பட்டவர்கள். அவர்களில் பாதிப் பேருக்கு அறுவை நடந்தபோது வயது 35ஐக்கூடத் தொடவில்லை.

சினைப்பையை விட்டுவைத்து கருப்பையை மட்டும் எடுத்திருந்தால் ஈஸ்ட்ரோஜன் தொடரும், இரத்தப்போக்கு மட்டும் இராது. அப்போதும் சினைப்பை சில ஆண்டுகள் முன்னதாக ஓயலாம். போக்கு இல்லாததால் ஓய்ந்தது யாருக்கும் தெரியாது. இரண்டு சினைப்பைகளையும் சேர்த்து எடுத்திருந்தால் அன்றைக்கே ஈஸ்ட்ரோஜன் நின்றுவிடுகிறது. அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் இத்தகைய பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2006இல் வெளியிட்ட முடிவு: 45 வயதுக்கு முன் இரண்டையும் எடுத்து, ஈஸ்ட்ரோஜனும் கொடுக்கப்படாதவர்களிடையே இறப்பு விகிதம் கூடுதலாக இருந்தது. ஆகவே கருப்பை அறுவைக்குச் சம்மதக் கையெழுத்துப் போடும் முன் ஒன்று கேட்டாக வேண்டும்: "சினைப்பையை விட்டு வைக்கிறீங்களா, எடுக்கறீங்களா? எடுத்தா ஏன்?"

"ஹார்மோன் மாத்திரையா? கேன்சர் வருமே!"

பல்லடத்துப் பெண்ணின் டெக்ஸா ரிப்போர்ட், எலும்பு அடர்த்தி அவர் வயதுக்குரிய அளவைவிடக் குறைந்திருப்பதைக் காட்டியது. மருத்துவர் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டெரோனும் எழுதிக் கொடுக்கிறார். இழந்ததை வெளியிலிருந்து தருவதுதான் சிகிச்சை. தைராய்டு சுரப்பு குறைந்தவருக்குத் தைராக்ஸின் தருவதும் இதே தத்துவம்தான். மாத்திரையாகவோ தோலில் ஒட்டும் பட்டையாகவோ ஜெல்லாகவோ எடுத்துக்கொள்ளலாம். கருப்பை உள்ளவருக்குப் புரோஜெஸ்டெரோனும் சேர்ந்தே ஆக வேண்டும். ஈஸ்ட்ரோஜனை மட்டும் கொடுத்தால் கருப்பை உட்சுவர் அளவுக்கு மீறித் தடித்து, புற்றுநோய்க்கு வழி வைக்கும்.

வீட்டில் எதிர்ப்பு கிளம்புகிறது. ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டால் மார்புப் புற்றுநோய் வரும் என்று நங்கையாள் எங்கேயோ கேட்டிருக்கிறார். அவர் கேள்விப்பட்டது முழுப் பொய்யில்லை. அமெரிக்காவில் நடந்த மகளிர் நலப் பேராய்வின் ஒரு பகுதி 2002இல் பாதியில் நிறுத்தப்பட்டது; இந்த இரு ஹார்மோன்களையும் எடுத்த பெண்களிடம் மார்புப் புற்றுநோயும் இரத்த உறைவும் கூடியது தெரிந்தது. ஆனால் அந்தப் பெண்கள் 50 முதல் 79 வயதுக்காரர்கள். சராசரி வயது 63. இயற்கையாகவே ஈஸ்ட்ரோஜன் நின்றுபோன உடலுக்கு அங்கே அதைக் கூடுதலாகக் கொடுத்தார்கள். 34 வயது உடலிலோ அது இயல்பாக இருந்திருக்க வேண்டும். அந்த வயதுக்குரிய அளவை எட்டச் செய்வதே நோக்கம். மாதவிலக்கு இயற்கையாக நிற்கும் வயது வரை, ஐம்பதை ஒட்டி, தொடரச் சொல்கின்றன பன்னாட்டு வழிகாட்டிகள். ஏற்கெனவே மார்புப் புற்றுநோய் வந்தவர்களுக்கு இது பொருந்தாது; அவர்களுக்கு வழி வேறு.

மாமியார் உளுந்தங்களி கிண்டித் தருகிறார். ராகியும் பாலும் கூட்டச் சொல்கிறார். எல்லாம் நல்ல உணவு. எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தும் புரதமும் அவற்றில் கிடைக்கும். வெயிலில் நடப்பதும் எடை தூக்குவதும் உதவும். ஆனால் அரிக்கும் உயிரணுக்களை அடக்கும் ஈஸ்ட்ரோஜன் இல்லாதபோது இவை மட்டும் போதாது. மாத்திரையோடு களியும் சாப்பிடலாம்.

பிள்ளை வேண்டும் என்றால்

பல்லடத்துப் பெண்ணுக்கு இந்தக் கவலை இல்லை. ஆனால் இதே ரிப்போர்ட் மணமாகி இரண்டு வருடமான 28 வயதுப் பெண்ணின் கைக்கு வரும்போது வீட்டின் பேச்சே மாறிவிடுகிறது. முதலில் தெரிய வேண்டியது: கதவு முழுக்க அடைபடவில்லை. எஞ்சிய ஒருசில முட்டைக்கூடுகள் எப்போதாவது விழித்துக்கொள்ளும். நோய் உறுதியானபின்னும் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர் தாமாகவே கருத்தரிக்கிறார்கள்.

மற்றவர்களுக்கு உள்ள வழி இன்னொரு பெண்ணின் முட்டை. சினைப்பை ஓய்ந்தாலும் கருப்பை ஓய்வதில்லை. ஹார்மோன் கொடுத்தால் அது கருவைத் தாங்கத் தயாராகும். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகக் குழு, சினைப்பை ஓய்ந்த 25 வயதுப் பெண் ஒருவரை இப்படித் தாயாக்கியதை 1984இல் 'நேச்சர்' இதழில் அறிவித்தது. தமிழ்நாட்டில் இந்தத் துறையை வளர்த்தவர்களில் ஒருவர் டாக்டர் கமலா செல்வராஜ். சென்னை ஜி.ஜி. மருத்துவமனையில் 1990இல் தென்னிந்தியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை அவர் முயற்சியில் பிறந்தது. அவர் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட பொருளே முன்கூட்டிய சினைப்பைச் செயலிழப்பும் அதற்கான சிகிச்சையும்தான்.

தானமுட்டைக்குத் தேவை பெருகியபோது அதன் இருண்ட பக்கமும் கொங்கு மண்ணிலேயே வெளிப்பட்டது. 2022 ஜூனில் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமி ஒருத்தியின் வயதைப் போலி ஆதாரில் கூட்டிக் காட்டி, அவள் கருமுட்டைகளைக் கருத்தரிப்பு மையங்களுக்குப் பலமுறை விற்றதாக வழக்குப் பதிவானது, சிலர் கைதானார்கள். இப்போதுள்ள 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி முட்டை தருபவருக்கு வயது 23 முதல் 35 வரை இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் தரலாம். ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது.

முட்டை கொடுத்தால் கொடுத்தவருக்கு இருப்புக் குறைந்து சீக்கிரம் நின்றுவிடுமா? மாதம் ஆயிரம் என்ற கணக்கை நினைத்துப் பார்த்தால் விடை கிடைக்கும். அந்த மாதம் எப்படியும் மடிந்திருக்கும் முட்டைக்கூடுகளில் சிலவற்றைத்தான் ஊசி மருந்து காப்பாற்றி முதிரச் செய்கிறது. அடுத்த மாதத்துக்கான இருப்பில் அது கை வைப்பதில்லை. சட்டத்தின் கட்டுப்பாடுகள் வேறு அபாயங்களுக்காக: மருந்து மிகுந்தால் சினைப்பை வீங்கி வயிற்றில் நீர் கோக்கும், முட்டையை எடுக்கும்போது இரத்தக் கசிவு ஏற்படலாம், ஏழ்மையைக் காட்டிப் பெண்ணை நிர்ப்பந்திக்கவும் செய்யலாம்.

தங்கைக்கு வந்த கேள்வி

பல்லடத்துப் பெண்ணுக்கு ஒரு தங்கை. 27 வயது, மணமாகிவிட்டது, கோவை சரவணம்பட்டியில் ஐ.டி. கம்பெனி வேலை. வீட்டுக் கடன் முடிந்து, முப்பத்திரண்டில் பிள்ளை பெற்றுக்கொள்ளலாம் என்று கணவரும் அவரும் முடிவெடுத்திருந்தார்கள். அக்காவின் ரிப்போர்ட் அவருக்கும் ஒரு செய்தி. உடன்பிறந்தவளுக்கோ தாய்க்கோ இந்த நோய் இருந்தால் மற்றவருக்கும் வாய்ப்பு பொதுமக்களைவிட அதிகம்.

அவர் ஏ.எம்.எச். பரிசோதனை செய்துகொள்ளலாம். இப்போதைய இருப்பை அது ஓரளவு சொல்லும். எந்த ஆண்டில் தீரும் என்று தேதி குறித்துச் சொல்லாது. அக்காவிடம் எஃப்.எம்.ஆர்.1 பழுது தெரிந்தால் தங்கையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இருப்பு குறைவாக இருந்தால் அவர் முன் இரண்டு வழிகள்: பிள்ளையை முன்னதாகவே பெற்றுக்கொள்வது, அல்லது முட்டைகளை உறைய வைப்பது. இரண்டுக்கும் செலவு உண்டு. எதைத் தேர்ந்தெடுப்பது என்பது அவரும் கணவரும் முடிவு செய்ய வேண்டியது. அதைக் கையில் எண்களோடு 27 வயதிலேயே முடிவு செய்ய அவருக்கு வாய்ப்புக் கிடைத்திருக்கிறது. அக்கா நான்கு மாதத்தில் மருத்துவரிடம் போகாமல், போனால் போகட்டும் என்று விட்டிருந்தால் இந்தக் கேள்வியே தங்கைக்கு எழுந்திருக்காது.

குறித்துக்கொள்ள வேண்டிய எண்கள் இரண்டுதான். வயது நாற்பதுக்குக் கீழே. மாதவிலக்கு வராமல் அல்லது தாறுமாறாகி நான்கு மாதம். கர்ப்பம் இல்லை என்று உறுதியானால், பிள்ளை வேண்டுமா வேண்டாமா என்பதைப் பார்க்காமல், மகளிர் மருத்துவரிடம் போய் எஃப்.எஸ்.எச். பரிசோதனையைக் கேட்டு வாங்க வேண்டும்.